பிறந்த வழி: ஒரு கேள்வியின் சரித்திரம்

1885 ஜூலையில் மூனிக் நகரத்து மருத்துவ சபை ஒன்றில் தியோடோர் எஷ்ஷெரிஷ் ஒரு கட்டுரை படித்தார். குழந்தை மருத்துவர். வயது 27. முந்தின வருஷம்தான் காலரா பரவியிருந்த நேப்பிள்ஸுக்குப் போய் வந்திருந்தார். கட்டுரையின் விஷயம் பிறந்த குழந்தையின் மலம். குழந்தை முதலில் கழிக்கும் கரும்பச்சை மலத்துக்கு நம் மொழியில் நேரான ஒரு சொல் இருக்கிறது: காட்டுப்பீ. (பேச்சில் கூசாமல் சொல்வதை எழுத்தில் வடமொழிக்கோ ஆங்கிலத்துக்கோ அனுப்பிவிடுவது நம் வழக்கமாதலால் இந்தச் சொல்லை அச்சில் பார்ப்பது அபூர்வம்.) அந்தக் காட்டுப்பீயை எஷ்ஷெரிஷ் மணிக்கணக்கு வைத்துப் பின்தொடர்ந்தார். முதலில் வெளிவருவதில் பாக்டீரியா இல்லை. சில மணி நேரத்தில் வந்துவிடுகின்றன. ஒரு நாளுக்குள் பல ரகமாகப் பெருகிவிடுகின்றன. தாய்ப்பால் உள்ளே போய் மலம் மஞ்சளாக மாறும்போது இந்தக் கூட்டமும் மாறி ஓர் ஒழுங்குக்கு வருகிறது. மறு வருஷம் இது புத்தகமாயிற்று. அதில் அவர் விவரித்த ஒரு பாக்டீரியாவுக்கு 1919இல் அவர் பெயரையே வைத்தார்கள். இன்று எந்த உயிரியல் ஆய்வுக்கூடத்திலும் சந்திக்க நேரும் எஷ்ஷெரிஷியா கோலை அதுதான்.

எப்போது வருகின்றன, எங்கிருந்து வருகின்றன என்பவை அவர் கேட்ட கேள்விகள். இவற்றுக்குள்ளேயே இருக்கிற இன்னொரு கேள்வி அவருக்கு எழவில்லை: குழந்தை வெளியே வந்த வழிக்கும் அதன் குடலில் குடியேறுகிறவற்றுக்கும் சம்பந்தம் உண்டா? அது முறையாகக் கேட்கப்படுவதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று. இந்தத் தாமதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விஞ்ஞான சரித்திரம் எழுதுகிறவர்கள் விடைகள் கிடைத்த தேதிகளைக் கோத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு கேள்வி கேட்கக்கூடியதாக ஆவதற்கு என்னென்ன நடக்க வேண்டியிருந்தது என்பது அந்தக் கோவையில் வருவதில்லை.

முதல் காரணம் எளிமையானது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, வயிற்றைக் கீறி எடுத்த குழந்தைகள் போதுமான அளவில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்த அறுவை, தாய் பிழைக்கமாட்டாள் என்று தெரிந்தே செய்யப்படுகிற கடைசிக் காரியம். 1876இல் இத்தாலியில் எதுவார்தோ போர்ரோ, ரத்தப்போக்கிலிருந்தும் சீழ்பிடிப்பதிலிருந்தும் தாயைக் காப்பாற்றக் குழந்தையை எடுத்த கையோடு கர்ப்பப்பையையும் வெட்டி எடுத்தார். 1882இல் லைப்ஸிக்கில் மாக்ஸ் ஸேங்கர் கர்ப்பப்பையைத் தைத்து மூடமுடியும், மூடவேண்டும் என்று எடுத்துச் சொன்னார். அதற்கு முன் பெரும்பாலானவர்கள் வயிற்றைத் தைத்தார்கள், கர்ப்பப்பையைத் தைக்காமல் விட்டார்கள். ஸேங்கரின் தையலுக்கும் எஷ்ஷெரிஷின் கட்டுரைக்கும் நடுவே மூன்றே வருஷம். ஒரே தேசம், ஒரே பாஷை. இருந்தும் இரண்டையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் முகாந்திரம் இருக்கவில்லை.

அன்றைய ஐரோப்பிய நகரங்களின் பயம் வேறு. கோடைக்காலத்தில் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் கொத்துக் கொத்தாகச் செத்தன. சந்தேகம் புட்டிப்பால்மேல் விழுந்தது. அதனால் குடல் பாக்டீரியா பற்றிய முதல் ஐம்பது வருஷச் சர்ச்சை முழுவதும் முலைப்பாலா புட்டிப்பாலா என்ற வழக்காகவே நடந்தது. இந்த வழக்கின் பெரிய சாட்சி பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்றி திஸ்ஸியே. காற்றுப்பட்டால் வளராத பாக்டீரியாக்களை வளர்க்கும் முறை அவர் கையில் இருந்தது. எஷ்ஷெரிஷின் தட்டுகளில் வளராத ஒன்றை, ஆங்கில 'ஒய்' போலக் கிளைத்து நிற்கும் ஒன்றை, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் அவர் திரள்திரளாகக் கண்டார். இன்று அதன் பெயர் பிஃபிடோபாக்டீரியம். 1900இல் வந்த அவருடைய ஆய்வேடு குழந்தைக் குடலின் முதல் நாட்களை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது: ஏதும் இல்லாத கட்டம், 'தொற்று' ஏறிக்கொண்டே போகும் கட்டம், பிறகு பிஃபிடஸ் வந்து மற்றவற்றை ஒதுக்கிவிடும் மாறுதல் கட்டம். ஆரோக்கியமான குழந்தையில் நடப்பதற்கும் தொற்று என்ற சொல்லையே அவர் பயன்படுத்தினார். ஆனால் ஆய்வேட்டின் தலைப்பில் இருப்பது பூச்செடி கொடிகளைக் குறிக்கும் 'ஃப்ளோரா'. ஒரே புத்தகத்துக்குள் எதிரியும் தோட்டமும். இந்த இரண்டு உருவகங்களுக்கு நடுவேதான் அப்புறம் வந்தவர்கள் எல்லாரும் போய்வந்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில் ஸிஸேரியன் இந்தச் சரித்திரத்துக்குள் ஒரு பக்கவாசல் வழியாக நுழைந்தது. மனிதக் குழந்தையை வைத்து அல்ல, கினிப்பன்றிக் குட்டியை வைத்து. 1885இல் லூயி பாஸ்டர் ஒரு குறிப்பு எழுதினார்: ஒரு பிராணியைப் பிறந்தது முதல் பாக்டீரியாவே இல்லாத உணவு கொடுத்து வளர்த்துப் பார்க்கவேண்டும், அது உயிர்வாழாது என்பது தன் ஊகம் என்று. ஜார்ஜ் நட்டலும் ஹான்ஸ் தியர்ஃபெல்டரும் 1895இல் பெர்லினில் இதைச் சோதித்தார்கள். கிருமியில்லாத குட்டி வேண்டுமென்றால் அது பிறப்புவழியாக வரக்கூடாது. ஆகவே தாயின் வயிற்றைக் கீறி எடுத்துக் கிருமிநீக்கிய கண்ணாடிக் கூண்டுக்குள் விட்டு இரவும் பகலும் காய்ச்சிய பால் கொடுத்தார்கள். குட்டி எட்டு நாள் இருந்தது. அறுத்துப் பார்த்தபோது குடலில் பாக்டீரியா இல்லை. பாஸ்டரின் ஊகம் பிழை என்று நிரூபணமானதாக இந்தச் சோதனையைச் சொல்வார்கள். நான் கவனிப்பது வேறொன்று. வந்த வழிக்கும் குடலுக்கும் சம்பந்தம் உண்டு என்ற அறிவு, பிறப்புவழிதான் கிருமிகளின் முதல் வாசல் என்ற அறிவு, இந்தச் சோதனையின் செய்முறையிலேயே அடங்கியிருக்கிறது. அது முடிவாக எழுதப்படவில்லை. கருவியாக உபயோகிக்கப்பட்டது, அவ்வளவுதான். இன்றும் கிருமியற்ற ஆய்வு எலிகளின் வம்சம் தொடங்குவது பெரும்பாலும் இப்படி எடுத்த குட்டிகளிடமிருந்துதான்.

இருபதாம் நூற்றாண்டில் பிரசவம் வீட்டைவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. சுத்தம் என்பது ஸெம்மல்வைஸ் 1847இல் வியன்னாவில் கைகழுவச் சொன்ன நாளிலிருந்து ஏராளமான தாய்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதில் கிண்டல் செய்ய எதுவுமில்லை. ஆனால் குழந்தைகளை வரிசையாக ஒரே கூடத்தில் கிடத்தி வைத்ததில் ஒரு புதிய ஆபத்து வந்தது. 1950களில் பல தேசங்களின் சிசுக்கூடங்களில் 80/81 என்று எண்ணிட்ட ஒரு ஸ்டாஃபிலோகாக்கஸ் பரவியது; பென்ஸிலின் அதைத் தொடவில்லை. அமெரிக்காவில் ஹென்றி ஷைன்ஃபீல்டும் ஹைன்ஸ் ஐஹன்வால்டும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஒரு நர்ஸின் மூக்கில் இருந்த சாதுவான ஸ்டாஃபிலோகாக்கஸ் ஏற்கெனவே குடியேறிவிட்ட குழந்தைகளை 80/81 அண்டவில்லை. உடனே அந்தச் சாதுவை, 502ஏ என்று அதற்குப் பெயர், புதிதாய்ப் பிறந்த குழந்தைகளின் மூக்கிலும் தொப்புள்கொடி அடியிலும் தடவினார்கள். பலித்தது. 1963இல் எழுதினார்கள். பல ஆஸ்பத்திரிகளில் கைக்கொள்ளப்பட்டது. அப்புறம் 502ஏயும் சில குழந்தைகளில் நோய் உண்டாக்குவது தெரிந்தது. ஒரு குழந்தை இறந்ததாக 1972இல் செய்தி வெளியானது. முறை மெல்லக் கைவிடப்பட்டது. குழந்தைமேல் நல்ல கிருமியை விதைப்பது 2010க்குப் பிந்திய புதுமை என்று நினைப்பவர்கள் இந்த அத்தியாயத்தைப் படிக்கவேண்டும்.

நம் கேள்வி கேட்கக்கூடியதாவது இதற்கப்புறம்தான். மயக்க மருந்து, ரத்தம் ஏற்றுதல், ஆன்டிபயாடிக் எல்லாம் சேர்ந்து ஸிஸேரியனைத் தாய் பிழைக்கும் அறுவையாக ஆக்கின. எண்ணிக்கை ஏறியது, ஒப்பிட ஆள் கிடைத்தது. 1977இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு, ஸிஸேரியன் குழந்தைகளில் பாக்டீராய்டஸ் என்ற காற்றுவேண்டாத இனம் குறைவு என்று சொன்னது. 1999இல் ஃபின்லாந்தின் துர்க்குவிலிருந்து வந்தது இன்னும் தெளிவானது. 64 குழந்தைகள்; 34 இயல்பாகப் பிறந்தவை, 30 ஸிஸேரியன். ஸிஸேரியன் குழந்தைகளிடம் பிஃபிடோபாக்டீரியம் வருவதற்குத் தாமதமாயிற்று, ஆனால் ஒரு மாதத்துக்குள் சமன்பட்டது. பாக்டீராய்டஸ் சமன்படவில்லை. ஆறாம் மாதத்தில் அது இயல்பாகப் பிறந்தவற்றில் 76 சதத்திடமும் மற்றவற்றில் 36 சதத்திடமும் இருந்தது. இவை எல்லாம் எஷ்ஷெரிஷின் வழியிலேயே தட்டில் வளர்த்து எண்ணியவை. பத்திரிகைகள் எதுவும் இதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

கண்டுகொள்ள வைத்தது ஒரு சிறிய ஆய்வு. 1977இல், அதே வருஷம், கார்ல் வோஸ் ரைபோஸோம் ஆர்.என்.ஏ.யின் வரிசையை வைத்து உயிர்களை வகைப்படுத்தும் வழியைக் காட்டியிருந்தார். பிறகு அந்த வழி மலிந்தபோது பாக்டீரியாவை வளர்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பஞ்சில் ஒற்றி எடுத்து வரிசையைப் படித்தால் போதும். 2010இல் மரியா குளோரியா தொமிங்கெஸ்-பெல்லோவும் சகாக்களும் வெனிசுவேலாவின் அமஸோனாஸ் மாநிலத்தில் புவெர்த்தோ அயாக்குச்சோ என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் எடுத்த மாதிரிகளைப் பற்றி எழுதினார்கள். ஒன்பது தாய்கள், பத்துக் குழந்தைகள். இயல்பாகப் பிறந்தவற்றின்மேல் தாயின் யோனியில் இருப்பவை: லாக்டோபாஸில்லஸ், பிரிவோடெல்லா. ஸிஸேரியனில் பிறந்தவற்றின்மேல் தோலில் இருப்பவை: ஸ்டாஃபிலோகாக்கஸ், கோரினிபாக்டீரியம். படம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. மாதிரிகள் பிறந்த சில நிமிஷத்திலும் முதல் நாளிலும் எடுத்தவை என்பதும், பத்தே குழந்தைகள் என்பதும் அந்தச் சுத்தத்தில் மறைந்துபோயின.

இங்கே உருவகம் மறுபடி மாறியது. தொற்று போய், தோட்டம் போய், 'வாரிசுச் சொத்து' வந்தது. தாய் தன் பிறப்புவழியில் குழந்தைக்கு ஒரு சீதனம் கொடுக்கிறாள். கத்தி அதைப் பறித்துவிடுகிறது. 2016இல் அதே குழு, ஸிஸேரியனுக்கு முன் தாயின் யோனியில் ஒரு மணி நேரம் வைத்திருந்த வலைத்துணியால் குழந்தையின் வாய், முகம், உடம்பு எல்லாம் துடைத்துப் பார்த்தது. இப்படித் துடைக்கப்பட்ட குழந்தைகள் நாலு. அந்த நாலைச் சுற்றி எழுந்த ஆரவாரத்தில், ஆஸ்பத்திரியில் சொல்லாமல் தாங்களே துடைத்துக்கொள்ளும் பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். நோய்க்கிருமிகளும் அதே துணியில் வரலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். 2017இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம், ஆய்வுக்கு வெளியே இதைச் செய்யவேண்டாம் என்றது.

சொத்து என்ற உருவகத்தில் எனக்கு ஒரு ஆட்சேபம் இருக்கிறது. சொத்து என்றதும் கொடுக்காதவள் ஒருத்தி தேவைப்படுகிறாள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதம் ஸிஸேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8 சதம். இதில் எத்தனை அவசியம், எத்தனை ஆஸ்பத்திரியின் சௌகரியம், எத்தனை நல்ல நாள் பார்த்தது என்பது வேறு விசாரணை. ஆனால் வலி பொறுக்கத் தெரியாதவள் என்று ஏற்கெனவே பேச்சுக் கேட்டவளுக்கு, குழந்தையின் குடலைக் கெடுத்தவள் என்ற இன்னொரு பேச்சையும் விஞ்ஞானத்தின் பெயரால் சேர்த்துக் கொடுப்பது சுலபம். மறுபக்கம், நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று ஆரம்பிக்கிறவர்கள் தயாராக இருக்கிறார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் சேனையில், வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. முதலில் தீண்டியவர் எதையோ விட்டுப்போகிறார் என்ற கற்பனை அழகானது. ஆனால் தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினத்தின் வித்துகள் இருக்கக்கூடும், ஒரு வயசுக்குள் அது ஆபத்து என்பதும் உண்மை. கற்பனையின் அழகை வைத்துக் கிருமி சாஸ்திரம் பண்ணமுடியாது.

சொத்து உருவகம் பிடித்துப்போனவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2014இல் அமெரிக்காவில் ஒரு குழு நச்சுக்கொடியிலேயே பாக்டீரியாவின் டி.என்.ஏ. இருப்பதாக எழுதியது. அப்படியானால் கர்ப்பத்துக்குள்ளேயே குடியேற்றம் தொடங்குகிறது. எஷ்ஷெரிஷ் சொன்ன வெறுமை பொய். 2019இல் கேம்பிரிட்ஜில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நச்சுக்கொடிகளைச் சோதித்தவர்கள், முன்பு கண்டதில் பெரும்பகுதி பிரசவத்தின்போது ஒட்டியதும் சோதனைச் சாலையின் ரசாயனங்களிலேயே இருந்த அழுக்கும் என்றார்கள். இந்த வழக்கில் எதிர்த்தரப்பு கூப்பிட்ட சாட்சிகளில் பழையது பெர்லின் கினிப்பன்றி. கர்ப்பத்துக்குள் கிருமி இருந்தால், கீறி எடுத்த குட்டியைக் கிருமியில்லாமல் வளர்க்க முடிந்தது எப்படி? 1895இன் ஒரு செய்முறை, நூற்றிருபது வருஷம் கழித்து வாதமாக எழுந்து நின்றது.

அதே 2019இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வில் குழந்தைகள் 596, மாதிரிகள் 1,679. இது பெரிய அளவில் செய்தது. வேறுபாடு உண்மைதான் என்று ஊர்ஜிதமாயிற்று. ஸிஸேரியன் குழந்தைகளின் குடலில் பாக்டீராய்டஸ் மிகக் குறைவு, என்டரோகாக்கஸ், கிளெப்ஸியெல்லா போன்ற ஆஸ்பத்திரிவாசிகள் அதிகம். ஆனால் சீதனக் கதை உடைந்தது. இயல்பாகப் பிறந்த குழந்தையின் குடலில் நிலைப்பவை யோனியின் லாக்டோபாஸில்லஸ் அல்ல. தாயின் குடலில் இருப்பவை. தெளிவாகச் சொன்னால், பிரசவத்தின்போது முக்கி வெளியேறும் தாயின் மலம். பிறப்புவழியும் மலவழியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை அருவருப்பாகப் பார்த்த நூற்றாண்டுகள் உண்டு. வலைத்துணிக்காரர்களும் ஒருவிதத்தில் அந்த நாசூக்கிலேயே இருந்தார்கள்.

வேறுபாட்டின் எல்லையையும் அந்த ஆய்வு சொல்கிறது. ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள், வேறு உணவு பழகும் காலத்தில், பாக்டீராய்டஸ் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. தவிரவும் ஸிஸேரியன் என்பது ஒரே சம்பவமல்ல. வலி வந்து, பனிக்குடம் உடைந்து, பல மணி நேரத்துக்கப்புறம் கீறப்பட்டவளும், நாள் குறித்து வலி வராமலே கீறப்பட்டவளும் ஒரே கட்டத்தில் எண்ணப்படுகிறார்கள். இப்போதைய வழக்கப்படி கீறுவதற்கு முன்பே தாய்க்கு ஆன்டிபயாடிக் ஏற்றுகிறார்கள். அது கொடிவழியாகக் குழந்தைக்கும் போகிறது. அறுவையானவளுக்குப் பால் கொடுக்கத் தொடங்குவது தாமதமாகலாம். இவற்றில் கத்தியின் பங்கு எது, மருந்தின் பங்கு எது, பாலின் பங்கு எது என்று பிரிப்பது கஷ்டம். ஆஸ்துமா, சர்க்கரை, ஒவ்வாமை என்று ஸிஸேரியனோடு இணைத்துச் சொல்லப்படுபவற்றிலும் இதே சிக்கல். கோபன்ஹேகனில் 700 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020இல் ஒன்று சொன்னது: ஸிஸேரியனில் பிறந்தவற்றுள், ஒரு வயசிலும் குடல் பாக்டீரியாக்கள் வயசுக்குத் தக்கபடி முதிராதவற்றுக்கே ஆறு வயசில் ஆஸ்துமா கூடுதலாக இருந்தது. முதிர்ந்துவிட்டவற்றில் அந்தக் கூடுதல் தெரியவில்லை.

பாலைப் பற்றிய பழைய வழக்கும் முடியவில்லை. 1950களில் பிலடெல்ஃபியாவில் பால் ஜ்யோர்ஜி, தாய்ப்பாலில் பிஃபிடஸை வளர்க்கும் சர்க்கரைகள் இருப்பதைக் காட்டினார். அவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது. பாக்டீரியாவுக்கே அவை உணவு. அந்தச் சர்க்கரை புளித்து மலம் அமிலமாகும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மல அமிலத்தைப் பற்றி 1926 முதல் வெளியான அளவுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்போது 5 அளவில் இருந்த பி.ஹெச். அண்மை வருஷங்களில் 6.5க்கு ஏறியிருக்கிறது, அதாவது அமிலம் குறைந்திருக்கிறது. இது எந்த வழியில் பிறந்ததென்று பிரிக்காமல் தாய்ப்பால் குழந்தைகள் எல்லாவற்றுக்குமான கணக்கு. திஸ்ஸியே கண்ட திரள், பணக்கார தேசங்களில் இயல்பாகப் பிறந்த குழந்தைகளிடமும் மெலிந்துகொண்டுதான் வந்திருக்கிறது.

2020இல் ஹெல்ஸிங்கியில் ஒரு குழு நாசூக்கை விட்டுவிட்டது. ஸிஸேரியன் நாள் குறிக்கப்பட்ட தாய்களின் மலத்தைச் சில வாரங்கள் முன்பே வாங்கிச் சோதித்துப் பத்திரப்படுத்தி, குழந்தை பிறந்ததும் அதில் மிகச் சிறிய அளவைத் தாய்ப்பாலில் கலந்து முதல் ஊட்டலாகக் கொடுத்தது. மூன்று மாதம் கவனித்தார்கள். பாக்டீராய்டஸ் வந்தது, குடல் இயல்பாகப் பிறந்த குழந்தைகளுடையதை ஒத்திருந்தது. முன்வந்த தாய்கள் 17 பேர். நோய்க்கிருமிச் சோதனை உட்பட எல்லாவற்றிலும் தேறி எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் ஏழு பேர்.